ஒரு வருட எச்ஆர் பேக்கேஜ்: சம்பளக் கணக்குக்குக் கும்பிடு, கையேட்டுக்குக் கோடு

கட்டடங்களில் ஏர்கானும் காற்றோட்டக் குழாயும் பொருத்தும் கம்பெனியில் வேலை செய்கிறேன். அலுவலகம் சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில், ஐந்தாவது மாடியில், பக்கத்தில் கார் பட்டறை. முதலாளியையும் சேர்த்து 41 பேர். அதில் 34 பேர் ஏணியில் நிற்பவர்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பையன்கள், கொஞ்சம் பங்களாதேஷ்காரர்கள், சூப்பர்வைசர் இருவர் மலேசியத் தமிழர்கள். என் வேலைக் கடிதத்தில் 'அட்மின் எக்சிகியூட்டிவ்' என்று போட்டிருக்கும். நடப்பில் சம்பளம், லீவு, எம்சி (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டு), வேலை பெர்மிட் புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், விடுதி வாடகை, யாருக்காவது பல்வலி என்றால் கிளினிக், எல்லாம் நான்தான். எச்ஆர் என்று தனியாக ஆள் கிடையாது.

போன வருடம் மார்ச்சில் ஒரு பெரிய குத்தகைக்காரரிடம் வேலை கேட்டோம். அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஊழியர் கையேடு இருக்கிறதா, பயிற்சிப் பதிவேடு இருக்கிறதா, பிஸ்சேஃப் என்ற வேலையிடப் பாதுகாப்புச் சான்றில் மூன்றாம் நிலை இருக்கிறதா என்று வரிசையாகக் கட்டம். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு எக்செல் கோப்பு, ஒரு பிஸ்கட் டின் நிறைய டைம் கார்டு, என் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான எம்சி படங்கள். அந்த வாரமே முதலாளி யாருடனோ மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு, இந்த எச்ஆர் பேக்கேஜில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மாதிரி மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். சம்பளமும் லீவும் பார்க்கும் மென்பொருள், தலைக்கு மாதம் 9 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இணையவழிப் பயிற்சி, தலைக்கு மாதம் 4 வெள்ளி. ஊழியர் கையேடு எழுதித் தர ஒரே தடவையாக 1,800 வெள்ளி. ஆக முதல் வருடச் செலவு 8,200 வெள்ளிக்கு நாலு வெள்ளி குறைவு. சின்னக் கம்பெனிக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதலில் மென்பொருள். நன்றாக இருக்கிறது. எனக்கு வெட்கம் வரும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஏன் வெட்கம் என்று சொல்கிறேன்.

ஹெல்பர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 850 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பத்து வருடமாக அதை 26 நாளால் வகுத்து, அப்புறம் 8 மணியால் வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டு, ஓடிக்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, மணிக்கு 6 வெள்ளி 13 காசு என்று கொடுத்துவந்தேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கும் கணக்கு வேறு. மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணியாலும் வகுக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மடங்கு போட்டால் 6 வெள்ளி 69 காசு வருகிறது. மணிக்கு 56 காசு வித்தியாசம். மாதம் 40 மணி நேரம் ஓடி செய்த பையனுக்கு 22 வெள்ளிக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறேன், மாதா மாதம், நல்ல பிள்ளை மாதிரி கையெழுத்தும் வாங்கிக்கொண்டு.

முதல் மாதச் சம்பளத்தை மென்பொருள் போட்டதும் தொகை கூடி வந்தது. தவறு அதனிடம்தான் என்று நினைத்து இரண்டு நாள் அதோடு சண்டை போட்டேன். பிறகு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கும் கணிப்பானில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் 6.69. முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் இரண்டு வருட நிலுவையை மூன்று தவணையாகக் கொடுத்துவிடச் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. பையன்களுக்குக் காரணத்தைச் சொன்னபோது ஒருவன், "அதான் நான் கேட்டேன்லக்கா, நீங்க கால்குலேட்டர காட்டுனீங்க" என்றான். காட்டியது உண்மைதான்.

மென்பொருளில் பிடித்தது இன்னும் இருக்கிறது. ஒருவரின் ஓடி மாதத்தில் 60 மணியைத் தாண்டினால் பெயர் மஞ்சளாகிறது, சட்ட வரம்பான 72ஐத் தொட்டால் சிவப்பு. சூப்பர்வைசருக்கும் அதே நிறம் தெரிவதால், "நாளைக்கு அவன அனுப்பாதீங்க" என்று நான் போன் போட வேண்டியதில்லை. இந்த ஜனவரியில் மத்திய சேமநிதிக்கான சம்பள உச்சவரம்பு 7,400 வெள்ளியிலிருந்து 8,000க்கு உயர்ந்தபோது அதுவே மாற்றிக்கொண்டது. பயிற்சிச் சான்றிதழும் பெர்மிட்டும் காலாவதியாவதற்கு 60 நாள் முன்னால் மின்னஞ்சல் வருகிறது. இது ஒன்றுக்கே நான் பணம் கொடுப்பேன். கட்டுமானத் துறையில் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் தேறாதவனுக்குப் பெர்மிட் கைக்கு வராது; புதுப்பிக்கும்போதும் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தத் தேதிகள் என் மேசை நாட்காட்டியில் பென்சிலில் இருந்தன.

குறை என்றால், ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. முதல் சம்பளச் சீட்டை அச்செடுத்துப் பார்க்கிறேன், எனக்குச் சீன மேம்பாட்டு உதவி மன்றத்துக்குப் பணம் பிடித்திருக்கிறார்கள். இனம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் அதுவாகவே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. எங்கள் அலுவலகத் தமிழர்கள் எல்லாரும் ஒரே நாளில் சீனர்கள் ஆகிவிட்டோம். இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவுக்குப் போக வேண்டிய என் 7 வெள்ளி போகவில்லை. என் மகள் சிண்டா டியூஷனில்தான் கணக்கில் தேறினாள், அதனால் கொஞ்சம் ரோஷம் வந்தது. மென்பொருள்காரர்களின் உதவிச் சாட்டில் எழுதிப் போட்டேன். சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பதில் சொன்னார், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொன்னேன்.

அந்தச் சாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சிரிப்பதற்கு இல்லை. ஜூலையில் எங்கள் காரைக்குடிப் பையன் ஒருவன் ஏ வடிவ ஏணியிலிருந்து தவறி விழுந்தான். இரண்டு மீட்டர் உயரம்கூட இருக்காது. மணிக்கட்டில் சுளுக்கு, நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு நாள் எம்சியும் பிறகு இரண்டு வாரம் லைட் டியூட்டியும், அதாவது இலகுவான வேலையும், எழுதினார். செயலியில் 'விபத்து' என்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினேன். அது ஒரு பிடிஎஃப் படிவத்தை உருவாக்கி எனக்கே மின்னஞ்சல் அனுப்பியது. அவ்வளவுதான். அமைச்சுக்கு நான் தெரிவிக்க வேண்டுமா என்று சாட்டில் கேட்டேன். "எம்சி மூன்று நாளுக்கு மேல் என்றால்தான்" என்று பதில் வந்தது.

அது பழைய விதி. 2020 செப்டம்பர் 1இலிருந்து, வேலையில் நடந்த விபத்துக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், எம்சியே இல்லாமல் லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி தெரிவித்தாக வேண்டும். தெரியவந்த நாளிலிருந்து 10 நாளுக்குள். எனக்கு இது தெரிந்திருந்தது தற்செயல். காக்கி புக்கிட்டில் வேறொரு கம்பெனியில் இதே வேலை பார்க்கும் என் தோழி இதில் மாட்டியிருந்தாள். நான்காவது நாளே தெரிவித்துவிட்டேன். தெரியாத ஒருத்தி அந்தச் சாட்டை நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் ஐந்து வருடப் பழைய சட்டத்தைச் சொல்லக்கூடாது. இந்த ஒன்றுக்காக அந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பாதியாகக் குறைகிறது.

இனி கையேடு. 64 பக்கம், ஆங்கிலத்தில், வழவழ தாளில், அட்டையில் எங்கள் கம்பெனிச் சின்னம். முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் முன்னால் வைத்தார். நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன்.

19ஆம் பக்கத்தில் ஜூரி பணிக்கு விடுப்பு தருவதாக ஒரு பத்தி இருந்தது. சிங்கப்பூரில் ஜூரி முறையை 1969இலேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். நான் அப்போது பிறக்கவே இல்லை. எந்த ஊர்க் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றினார்களோ! அலுவலகத்துக்கு நாய் கொண்டுவருவதற்கு ஒரு விதி, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு நான்கு பக்கம். கூரையில் கண்டென்சர் மாற்றுபவன் எந்த வீட்டிலிருந்து வேலை செய்வான்? ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்ட இடத்தில் தப்பு. தந்தையர் விடுப்பு இரண்டு வாரம் என்று போட்டிருந்தது. 2025 ஏப்ரல் 1இலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு நான்கு வாரம், அதுவும் கட்டாயம். கையேடு எங்கள் கைக்கு வந்தது மே மாதம். விற்பனையில் இருக்கும் தம்பிக்கு ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. கையேட்டைப் பார்த்து இரண்டு வாரம் விண்ணப்பித்தான். நான்தான் திருப்பி அனுப்பி, நான்கு வாரம் என்று எழுதி வரச் சொன்னேன். மறுநாள் இனிப்பு வந்தது.

தமிழ்ப் பதிப்பும் உண்டு என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். கேட்டுக் கேட்டு ஆகஸ்ட்டில் வந்தது. பார்த்ததும் எந்த மனிதரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்தது. லைட் டியூட்டி என்பதை 'ஒளிக் கடமை' என்று போட்டிருந்தார்கள். சுளுக்கு விழுந்த அந்தக் காரைக்குடிப் பையனே கேட்டான், "டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கணுமாக்கா?" அதற்குச் சிரித்தோம். அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. உயரத்திலிருந்து விழுபவனைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்னஸ் ஏற்பாட்டுக்குச் சேஃப்ட்டிக்காரர்கள் ஃபால் அரெஸ்ட் என்பார்கள். கையேட்டில் அது 'வீழ்ச்சிக் கைது' ஆகியிருந்தது. 'மூன்று மீட்டருக்கு மேல் வீழ்ச்சிக் கைது கட்டாயம்' என்று ஒரு வரி. புதிதாக வந்த பையன் இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "அக்கா, விழுந்தா போலீஸ் புடிக்குமா?"

விழுந்தால் சொல்லாமல் மறைத்துவிடுவான், அவ்வளவுதான் இதன் பலன். அன்றே எல்லாரிடமிருந்தும் அந்தத் தமிழ்ப் பிரதியைத் திருப்பி வாங்கிவிட்டேன். ஆனால் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற பக்கத்தில் 34 பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்கள் மட்டும் செயலியில் பத்திரமாக இருக்கின்றன, பச்சை நிறத்தில், 100 விழுக்காடு என்று.

இணையவழிப் பயிற்சியும் இந்த ரகம்தான். பதினைந்து நிமிடக் காணொளி, ஆங்கிலக் குரல், கீழே தமிழ் எழுத்து, முடிவில் பத்துக் கேள்வி. எல்லாரும் பத்துக்குப் பத்து வாங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, லாரி ஓட்டுநர் வாயைத் திறக்கும்வரை. காலையில் விடுதியிலிருந்து வரும்போது ஒரு டிப்ளமா பையன் எல்லாருடைய போனையும் வாங்கி வரிசையாகக் கேள்விக்குப் பதில் போட்டிருக்கிறான். மற்றவர்கள் தூங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஐந்தரைக்கு எழுந்தவர்கள். செயலியில் நலவாழ்வு நினைவூட்டல் என்று ஒன்று வேறு. 'நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்' என்று ஏணி உச்சியில் நிற்பவனின் சட்டைப்பையில் மணி அடிக்கிறது. அவனுக்குத் தேவையான நினைவூட்டல் வேறு. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி 32ஐத் தொட்டால் கடுமையான வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு, 33 என்றால் பதினைந்து நிமிடம். 2023 அக்டோபரில் வந்த வழிமுறை இது. கூரை வேலைக்காரனுக்கு அந்த மணியை அடித்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

இங்கே ஒப்பிட ஒன்று சொல்கிறேன், பேக்கேஜுக்கு வெளியே நடந்தது. பிஸ்சேஃப் முதல் நிலைக்கு முதலாளியே நேரில் போய் உட்கார வேண்டும், ஆள் அனுப்ப முடியாது. போனார், வந்ததும் ஒரு வாரம் யாரைப் பார்த்தாலும் "ஹெல்மெட் எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நிலைக்கு ஆபத்து மதிப்பீட்டு வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அதை முடித்தவரை 'ரிஸ்க் மேனேஜ்மென்ட் சாம்பியன்' என்கிறார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சாம்பியன் பட்டம்.

அந்தச் சூட்டோடு, எங்கள் பையன்கள் ஆறு பேரை உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிக்கு அனுப்பினபோது, நானும் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கினேன். ஜூரோங் பக்கம் ஒரு பயிற்சி நிலையம், தமிழ் வகுப்பு. பயிற்றுநர் முன்பு சாரம் கட்டியவர், இரண்டு விரல் முழுசாக மடங்காது. வந்ததும் திரையைப் போடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டார்.

"கயிறு எவ்ளோ நீளம் தம்பி?"

"ரெண்டு மீட்டர் அண்ணே."

"விழும்போது கயித்துல இருக்குற, அதிர்ச்சியத் தாங்குற இந்தப் பையி கிழிஞ்சு நீளும், அது ஒண்ணே முக்கால் வரைக்கும் போகலாம். அப்புறம் நீ தொங்குவ. உன் முதுகுல கயிறு மாட்டுற வளையத்துலேருந்து உன் கால் வரைக்கும் ஒண்ணரைன்னு வச்சுக்க. கீழ ஒரு மீட்டராவது இடம் வேணும். கூட்டு."

கூட்டினால் ஆறே கால் மீட்டர். "நீங்க வேலை செய்யுற எடத்துல தரை எவ்ளோ கீழ இருக்கு?" எங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் குழாய் மாட்டும் கிடங்குகளில் பாதி நான்கு மீட்டர்தான். கால் மட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்தால், ஹார்னஸ் போட்டுக்கொண்டே தரையில் மோதலாம். பெல்ட் போட்டிருந்தால் போதும் என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வாங்கிய பில்லைக் கோப்பில் வைத்தால் என் கடமை முடிந்தது. கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டு, கயிற்றைக் குட்டையாக வை, முடிந்தால் விழவே வழியில்லாத மேடையைப் போடு என்று அவர் ஒவ்வொருவரையும் மாட்டிக் கழற்ற வைத்தார். தொங்குபவனை எவ்வளவு சீக்கிரம் இறக்க வேண்டும், யார் இறக்குவது என்றும் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மறுவாரம் இரண்டு கிடங்குகளுக்கு ஏணியை நிறுத்திவிட்டு நகரும் சாரம் வாடகைக்கு எடுத்தோம். அந்த வாடகை பில்லில் முதலாளி கையெழுத்துப் போடும்போது ஒன்றும் பேசவில்லை.

ஒரு வருத்தம் உண்டு. திறன் மேம்பாட்டுத் தீர்வையை நாங்கள் எல்லாருக்கும் கட்டுகிறோம், வெளிநாட்டு ஊழியருக்கும் சேர்த்து. சம்பளத்தில் கால் விழுக்காடு, தலைக்குக் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. என் வகுப்புக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது, நான் குடிமகள். அந்த ஆறு பேருக்கு முழுக் கட்டணம். ஏணியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

கையேட்டு விஷயத்துக்கு வருகிறேன். மலேசிய சூப்பர்வைசர் அண்ணன் ஒருவரும் நானும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினோம். ஓடி எப்படிக் கணக்கிடுகிறோம், எம்சி எத்தனை நாள், விடுப்பு எத்தனை நாள், அடிபட்டால் முதலில் யாருக்குப் போன் செய்வது, அடிபட்டதைச் சொன்னால் வேலை போகாது, போலீஸ் வராது. லைட் டியூட்டியை லைட் டியூட்டி என்றே போட்டோம். வங்காளத்தில் மாற்ற எங்கள் பங்களாதேஷ் போர்மேன் உதவினார். எம்சி 14 நாள், மருத்துவமனையில் தங்கினால் அதையும் சேர்த்து 60 நாள் என்று படித்ததும் மூன்று வருடமாக இருக்கும் ஒருவன், "இது எனக்கும் உண்டா?" என்றான். 1,800 வெள்ளிக் கையேட்டில் இது 23ஆம் பக்கத்தில் இருந்தது. அவன் அதற்கும் கையெழுத்துப் போட்டவன்தான்.

ஆகவே, என்னைப் போல் 50 பேருக்குக் குறைவான கம்பெனியில் தனியாக மாரடிப்பவர்கள் கேட்டால் இப்படிச் சொல்வேன். மென்பொருளை வாங்குங்கள், முதல் மாதம் ஒவ்வொரு சீட்டையும் கையால் சரிபாருங்கள், இனக் கட்டத்தை மறக்காதீர்கள். சட்டம் பற்றிச் சாட்டில் கேட்காதீர்கள், அமைச்சின் தளத்தில் பாருங்கள். கையேடு விற்பவரிடம் தமிழ்ப் பிரதியில் ஒரு பக்கம் காட்டச் சொல்லி, அதை உங்கள் ஆள் ஒருவனை வாய்விட்டுப் படிக்க வையுங்கள்.

போன வாரம் புதுப்பிப்பு பில் வந்தது. கையேட்டு வருடாந்தரத் திருத்தத்துக்கு 600, இணையவழிப் பயிற்சிக்கு 1,968. இரண்டு வரியிலும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அனுப்பினேன். விற்பனையாளர் நேரே முதலாளியைக் கூப்பிட்டு, மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் இந்த விலை என்று சொல்லியிருக்கிறார். முதலாளி போனை என் பக்கம் நீட்டினார். மென்பொருள் மட்டும் என்றால் தலைக்கு 11 வெள்ளி என்றார்கள். சரி என்றேன்.